கெடு யாருக்கு?

‘மக்கு’ - மூன்றே எழுத்து. சொல்லி முடிக்க ஒரு நொடி போதும். சொல்பவருக்கு அதனால் இழப்பு ஏதுமில்லை. கேட்கும் குழந்தைக்கோ அது ஆயுள் தண்டனை! விசாரணை இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடு இல்லை. கரும்பலகையைக் கண்டு விழித்தான், ஏட்டிலே எழுத்தை மாற்றி எழுதினான், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆகவே மக்கு. “இவனுக்குப் படிப்பு ஏறாது, மாடு மேய்க்கப் போகட்டும்” என்று தீர்ப்பு!

தீர்ப்புச் சொல்ல ஒரு நொடி. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று ஆராய்ந்து பார்க்க அரசு எடுத்துக்கொள்ளும் காலமோ ஆண்டுக்கணக்கு. இந்த இரண்டுக்கும் இடையே சிக்கி நசுங்குகிறது நம் வீட்டுக் குழந்தைகளின் பள்ளிப் பருவம். அதைப்பற்றித்தான், தோழர்களே, இன்று பேச வேண்டியிருக்கிறது.

“படிப்பு ஏறாது” என்பது நமக்குப் புதிய வாசகமா? ஒரு காலத்திலே அது தனியொரு பிள்ளையைப் பார்த்துச் சொல்லப்படவில்லை. சாதி சாதியாக, சேரி சேரியாகச் சொல்லப்பட்டது. உழுபவன் மகனுக்கு ஏறாது, வெளுப்பவன் மகனுக்கு ஏறாது, வனைபவன் மகனுக்கு ஏறாது என்றனர். 1953ஆம் ஆண்டு, கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளி, மீதிப் பொழுது அப்பன் தொழில் என்று ஒரு திட்டத்தையே தீட்டினார் ஆச்சாரியார். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் சூட்டித் தமிழ்நாடு எதிர்த்து நின்றது. 1954இல் அவர் பதவியை விட்டு விலகினார். காமராசர் ஆட்சியிலே அத்திட்டம் கைவிடப்பட்டது. பிறகு நாம் கண்டது என்ன? ஏறாது என்று சொல்லப்பட்ட வீடுகளிலிருந்து மருத்துவர் வந்தனர், பொறியாளர் வந்தனர், நீதிபதிகள் வந்தனர். குறை பிள்ளைகளின் மூளையிலே இருக்கவில்லை. அவர்களைப் பள்ளிக்கு வெளியே நிறுத்திய முறையிலே இருந்தது.

ஒரு சமுதாயம் முழுவதன்மீதும் சுமத்தப்பட்ட அந்தப் பொய்யை எதிர்த்துப் போராடி வென்ற நாம், அதே பொய் வகுப்பறையின் கடைசி வரிசையிலே உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு குழந்தையின்மீது சுமத்தப்படும்போது வாளாவிருக்கலாமா?

கடைசி வரிசையிலே உட்கார்ந்திருப்பவன் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவனுக்குக் கண் மங்கல். பலகையிலே உள்ளது வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. ஒருத்திக்குக் காது மந்தம். ஆசிரியரின் சொல்லிலே பாதி காற்றோடு போய்விடுகிறது. இன்னொருவனுக்குக் கண்ணும் காதும் கூர்மை, பேச்சிலே கெட்டிக்காரன், கணக்கை வாய்மொழியாகக் கேட்டால் பட்டென்று விடை சொல்வான், எழுத்தைக் கூட்டிப் படி என்றால் மட்டும் தடுமாறுவான். டிஸ்லெக்சியா என்று மருத்துவ உலகம் அதைச் சொல்கிறது. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வேலையை அவன் மூளை வேறு விதமாகச் செய்கிறது என்பதே அதன் பொருள், அறிவு குறைவு என்பதன்று. மற்றொரு குழந்தைக்கு அறிவு வளர்ச்சியே மெல்ல நடைபெறுகிறது. அதற்கு வேறு பயிற்சி, வேறு வேகம் வேண்டும்.

நால்வருக்கும் நான்கு காரணம், நான்கு வழி. ஆனால் மேசைக்கு இப்பால் நின்று பார்க்கும் ஆசிரியரின் கண்ணுக்கு நால்வரும் ஒன்றுபோலத்தான் தெரிவர்: பாடம் படிக்காதவர்கள்! நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடும் ஆசிரியர் ஐயப்படலாம். அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதற்குச் சோதனை வேண்டும். சோதனை செய்யக் கற்றவர் வேண்டும். சோதனை உரிய காலத்திலே நடக்க வேண்டும். காரணம் தெரியாமல் கொடுக்கும் பயிற்சி, நோய் அறியாமல் கொடுக்கும் மருந்து.

சட்டம் இதை அறியாததா? அறியும், அழகாகவே அறியும். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளைக் கணக்கிலே கொண்டது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதிலே இடம்பெற்றன. 2017 ஏப்ரல் 19 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதன் 16ஆம் பிரிவு, கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவிலே கண்டறிந்து, அதற்கேற்ற முறையிலே கற்பிப்பதைக் கல்வி நிலையங்களின் கடமையாக்குகிறது. 17ஆம் பிரிவு, பள்ளிப் பிள்ளைகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, யாருக்கு என்ன தேவை, அது எந்த அளவு நிறைவேறியிருக்கிறது என்று காணச் சொல்கிறது. முதற் கணக்கெடுப்பு இரண்டாண்டுக்குள் நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் கணக்கிலே நம் ஊருக்கு எத்தனை பேர், எத்தனை பேருக்குத் தேவை நிறைவேறிற்று என்று எந்த ஊராட்சிப் பலகையிலாவது எழுதி வைத்ததைக் கண்டீர்களா?

சட்டத்தின் சொற்களைக் கவனியுங்கள்: “இயன்றவரை விரைவிலே.” யாருக்கு இயன்றவரை? எத்தனை நாள் விரைவு? அங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது. கடமை எழுதப்பட்டிருக்கிறது, கெடு எழுதப்படவில்லை. கெடு இல்லாத கடமை, தேதியிடாத கடன் பத்திரம்!

இனி, ஏட்டிலிருந்து இறங்கி எங்கள் நைனார்பாளையம் பக்கம் வாருங்கள். சின்னசேலம் வட்டத்திலே உள்ள ஊர் இது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். சிறுவங்கூரிலே அரசு மருத்துவக் கல்லூரியும் 2022இல் திறக்கப்பட்டது. விழுப்புரம் வரை ஓடிய காலத்தோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றமே, மறுப்பார் இல்லை. ஆனால் கட்டடம் அருகே வந்ததாலேயே சோதனையும் அருகே வந்துவிட்டதா?

வழி இதுதான். ஆசிரியர் ஐயத்தைக் குறிக்க வேண்டும். ‘நலம் நாடி’ என்னும் செயலியை இதற்கென்றே 2022இல் பள்ளிக்கல்வித் துறை தந்தது. குறிப்பு வட்டார வள மையத்துக்குப் போகும். அங்குள்ள சிறப்புப் பயிற்றுநர் வந்து பார்ப்பார். அவருக்கோ பல பள்ளிகள், வீட்டிலே படுத்திருக்கும் குழந்தைகள், ஓயாத பதிவேடுகள். அடுத்து மருத்துவ முகாம். முகாமிலே முடிவு காண முடியாதவரை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவர். அங்கே ஒருநாள் காது, மறுநாள் கண், இன்னொருநாள் உளவியல் சோதனை. பின்னர் சான்றிதழ். பின்னர் அடையாள அட்டை. ஒவ்வொரு படியிலும் ஒரு நாள் கூலி போகிறது. கரும்பு வெட்டவும் மக்காச்சோளம் ஒடிக்கவும் போகும் தாய்க்கு ஒரு நாள் கூலி என்பது ஒரு நாள் உலை. எத்தனை முறை அவள் உலையை அணைத்துவிட்டு வருவாள்?

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இப்பகுதியிலே ஒரு சிறுமி. மூன்றாம் வகுப்பிலே, “இவள் காதைச் சோதிக்க வேண்டும்” என்று வகுப்பாசிரியை எழுதி அனுப்பினார். முதல் முகாமுக்குத் தாய் தூக்கமின்றிப் புறப்பட்டு வந்தாள்; அன்றைக்குக் காது மருத்துவர் வரவில்லை. அடுத்த முகாம் அறிவிப்பு அவளை எட்டவில்லை. அதற்கடுத்து, “பெயர் பட்டியலிலே இல்லை, புதிதாக எழுதிக் கொடுங்கள்” என்றது ஓர் அலுவலகம். மூன்றாம் வகுப்பிலே எழுதிய வரிக்கு ஐந்தாம் வகுப்பு முடியும் தறுவாயிலே விடை வந்தது: இரு காதிலும் கேட்கும் திறன் குறைவு, கருவி பொருத்த வேண்டும். கருவி வந்தது, அவளும் கேட்கத் தொடங்கினாள். போன இரண்டாண்டுப் பாடத்தை யார் திருப்பிக் கொடுப்பது? இரண்டாண்டு “மக்கு, மக்கு” என்று கேட்ட அந்தச் சொல்லை மட்டும், பாவம், அந்தச் செவிகள் எப்படியோ தெளிவாகக் கேட்டிருந்தன!

சமவெளிக் கதை இது. கல்வராயன் மலைக்கு ஏறுங்கள். வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள சிற்றூரிலிருந்து பழங்குடித் தாய் ஒருத்தி, நடக்கத் தள்ளாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி வரவேண்டும். பிழைப்பைத் தேடி வெளியூருக்குக் கிளம்பும் பருவத்திலே முகாம் நடந்தால், அந்த ஆண்டு அவளுக்கு முகாமே இல்லை. உண்டு உறைவிடப் பள்ளியிலே பிள்ளையை விட்டுச் சென்றாலோ, சோதனைக்கு அழைத்துச் செல்லப் பெற்றோர் இல்லை. சமவெளியிலே தாமதம், மலையிலே மறதி!

இந்தத் தாமதத்தின் கொடுமையை உணர வேண்டுமானால், கெடு யாருக்கு விதிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு, உட்செவிக் கருவி பொருத்தும் அறுவையை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலே இலவசமாகச் செய்யலாம். பெருமைக்குரிய திட்டம்! ஆனால் குழந்தைக்கு ஆறு வயதுக்குள் செய்தாக வேண்டும். அது மருத்துவ நியாயம். மொழியைக் கற்கும் மூளையின் பருவம் காத்திருக்காது. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் எட்டு வயது முதல்தான் என்றது 2018இல் வெளியான வழிகாட்டுதல்; பதினான்கிலே மீண்டும் சோதனை, பதினெட்டிலே மறுபடியும் சோதனை என்றது. பத்தாம் வகுப்புத் தேர்விலே கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்திலே விலக்கு ஆகியவற்றைப் பெற, தேர்வுக்கு முன்பே சான்றிதழ் கையிலே இருக்க வேண்டும். ஆறு, எட்டு, பதினான்கு, பதினெட்டு என்று குழந்தைக்கு வரிசையாகக் கெடு! அலுவலகத்துக்கு?

அலுவலகத்துக்கு ஒரே ஒரு கெடு இருந்தது. விண்ணப்பம் வந்த ஒரு மாதத்துக்குள் சான்றிதழ் தரவேண்டும் என்றன 2017ஆம் ஆண்டு விதிகள். 2024 அக்டோபரில் டில்லி அதைத் திருத்திற்று. பதினைந்து நாளாகக் குறைத்தது என்று நினைக்கிறீர்களா? மூன்று மாதமாக நீட்டிற்று! இரண்டாண்டு வரை முடிவு காணாமல் கிடக்கும் விண்ணப்பம் செயலற்றதாகிவிடும் என்றும் சேர்த்துக்கொண்டது. தூங்கியவர் அவர், செத்தது நம் விண்ணப்பம். இதற்குப் பெயர் உரிமைச் சட்டமாம்!

அந்த மூன்று மாதமும் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். ஆசிரியர் ஐயப்பட்ட நாளிலிருந்து விண்ணப்பம் வரை கழிந்த காலம் எந்தக் கணக்கிலும் சேராது. சேராத காலத்துக்குக் கேள்வியும் இல்லை.

கடல் கடந்து ஒரு நாட்டைப் பாருங்கள். இங்கிலாந்திலே, சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கென மதிப்பீடு கேட்டு விண்ணப்பித்தால், 20 வாரத்துக்குள் உள்ளாட்சி மன்றம் இறுதித் திட்டத்தைத் தந்தாக வேண்டும் என்பது விதி. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா? இல்லை. 2023இல் ஏறக்குறையப் பாதித் திட்டங்களே காலத்துக்குள் வந்தன. 2024இல் அது நூற்றுக்கு 46 ஆகக் குறைந்தது. பெற்றோர் கொதிக்கின்றனர், ஏடுகள் எழுதுகின்றன, நாடாளுமன்றத்திலே கேட்கின்றனர். எதைக்கொண்டு கேட்கின்றனர்? கெடு இருப்பதால் தாமதம் எண்ணப்படுகிறது, எண்ணப்படுவதால் கேட்கப்படுகிறது. நம் நாட்டிலே கெடு இல்லை. ஆகவே தாமதம் என்று ஒன்றும் இல்லை! ஏட்டளவிலே நாம் இங்கிலாந்தைவிட விரைவானவர்கள்!

“நிதி இல்லை, ஆள் இல்லை” என்பார் அதிகாரி. ஆராய்வோம். சிறப்புப் பயிற்றுநர்களின் ஊதியம் பெரும்பாலும் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்திலிருந்து வருவது. 2024-25ஆம் ஆண்டுக்குரிய சுமார் 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ திட்டத்திலே கையொப்பமிடவில்லை என்பதைக் காட்டி ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. கொள்கைச் சண்டைக்குப் பிணையாக வைக்கப்பட்டவர் யார்? வாய் திறந்து கேட்கத் தெரியாத குழந்தைகள். இந்த வஞ்சகத்தைக் கண்டிக்கக் கடுஞ்சொல் தேடவேண்டும்.

ஆனால், தோழர்களே, டில்லியைச் சுட்டிவிட்டு நம் முற்றத்தைப் பெருக்காமல் இருப்பது பகுத்தறிவாகாது. பத்துக் குழந்தைக்கு ஒருவர், உயர் வகுப்பிலே பதினைந்து குழந்தைக்கு ஒருவர் என்ற விகிதத்திலே சிறப்புக் கல்வி ஆசிரியர்களை நிலையான பணியிலே அமர்த்த வேண்டும் என்று 2021இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சிலே, மாநிலங்கள் இன்னும் அதைச் செய்யவில்லையே என்று வருந்தி, பணியிடங்களை அறிவித்து நிரப்பும்படி மீண்டும் ஆணையிட்டது. ஆண்டுக்காண்டு ஒப்பந்தத்திலே, தொகுப்பூதியத்திலே காலம் தள்ளும் பயிற்றுநர் இன்றைக்கு இருப்பார், நாளைக்கு வேறு வேலை தேடுவார். குழந்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். கோட்டையிலே அமர்வோர் யாராயினும், கொடி எந்த நிறமாயினும், இந்தக் கேள்வியைக் கேட்கும் நெஞ்சுரம் நமக்கு வேண்டும்.

சோதனைக் கருவியிலும் நம் மொழிக்கு நேர்ந்ததைக் காணுங்கள். இந்திய மொழிகளிலே டிஸ்லெக்சியாவைக் கண்டறிய ஒரு கருவித் தொகுப்பு 2015இல் வெளிவந்தது. முதலிலே வந்த மொழிகள் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். அந்த முதற் பட்டியலிலே தமிழ் இல்லை. தமிழ் படிக்கத் தடுமாறும் பிள்ளையை ஆங்கில எழுத்தைக் காட்டிச் சோதிப்பது, தமிழனின் நாவன்மையை இந்தியிலே அளப்பது போன்றதே. பெருநகரத்திலே ஆங்கிலப் பள்ளியிலே படிக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தனியார் உளவியலாளர் உண்டு. சில ஆயிரம் ரூபாயிலே சில வாரங்களுக்குள் அறிக்கை கைக்கு வரும். அவன் ‘சிறப்புத் தேவை உள்ளவன்’. நைனார்பாளையத்துப் பிள்ளை ‘மக்கு.’ குறை ஒன்று, பெயர் இரண்டு. வருணம் என்று சொல்லாமலே வருணம் பிரிப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

“ஃபெயில் போடுங்கள், தானே படிப்பான்” என்று ஒரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதியைத் திருத்தி, ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பிள்ளைகளை நிறுத்திவைக்க வழி திறந்தது. தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது, நன்று. காது கேளாத பிள்ளையை அதே வகுப்பிலே இன்னும் ஓராண்டு உட்கார வைத்தால் காது கேட்குமா? ஆயினும் நிறுத்தாமல் அனுப்பிவிட்டால் மட்டும் நம் கடமை முடிந்ததா? எண்ணும் எழுத்தும் திட்டத்திலே அரும்பு, மொட்டு, மலர் என்று இனிய பெயர்களைச் சூட்டியிருக்கிறோம். ஆண்டுக்காண்டு அரும்பாகவே நிற்கும் பிள்ளையைக் கண்டும், ஏன் விரியவில்லை என்று வேரைப் பார்க்காவிட்டால், பெயரின் இனிமை யாருக்குப் பயன்?

இந்தத் தாமதம் இன்னொரு கேட்டையும் வளர்க்கிறது. பகுத்தறிவு பேசும் நாம் அதைத் தனியே எண்ண வேண்டும். விடை கிடைக்காத தாய் சும்மா இருப்பாளா? பக்கத்து வீட்டுக்காரி வழி சொல்வாள். சோதிடர் சாதகத்தைப் புரட்டுவார், முன்வினை என்பார், இன்ன கோயிலிலே இன்ன பரிகாரம் என்பார். தாயத்து கட்டுவாள், மொட்டை போடுவாள், கடன் வாங்கிக் காணிக்கை செலுத்துவாள். அவளை மூடநம்பிக்கைக்காரி என்று ஏளனம் செய்து நகர்வது எளிது. ஆனால் அவளுக்கு நாள் குறித்துக் கொடுத்தவர் யார்? மருத்துவமனை குறிக்கவில்லை, சோதிடர் குறித்தார்! சோதனைக்கு நாள் குறிக்காத அரசு, பரிகாரத்துக்கு நாள் குறிப்பவருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறது.

“எல்லாம் அவன் விதி” என்கிறார் பூசாரி. “எல்லாம் நிலுவையிலே இருக்கிறது” என்கிறார் அதிகாரி. இருவரும் சொல்வது ஒன்றே: காத்திரு, கேள்வி கேட்காதே! விதியை எழுதியவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். நிலுவைக் கோப்பை எழுதியவரோ கையொப்பமிட்டிருக்கிறார். விதியை எதிர்த்து இத்தனை காலம் முழங்கிய நமக்கு, கையொப்பத்தை எதிர்த்துக் கேட்பதா கடினம்?

கேட்க வேண்டியது இன்னதென்று தெளிவாகச் சொல்கிறேன்.

ஆசிரியர் ஐயத்தைக் குறித்த நாளை எழுதி, பெற்றோர் கையிலே ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். கணக்கு அந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். கண்ணும் காதும் முப்பது நாளுக்குள், மற்றச் சோதனைகள் ஒரு பருவம் முடிவதற்குள் என்று கெடு விதிக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, ஒரு தாளின் நகலைக் கேட்டால் முப்பது நாளுக்குள் விடை தரச் சொல்கிறதே! தாளுக்கு விதிக்க முடிந்த கெடுவைக் குழந்தைக்காக விதிக்க முடியாதா?

சான்றிதழ் வரும்வரை உதவி நிற்கக் கூடாது. முன் வரிசையிலே உட்கார வைக்க, வாய்மொழியாக விடை கேட்க, பெரிய எழுத்திலே எழுதிக் காட்ட எந்த முத்திரையும் தேவையில்லை. சட்டத்தின் 16ஆம் பிரிவு அட்டையைக் காட்டச் சொல்லவில்லை, கற்பிக்கச் சொல்கிறது.

மலைக்கு மருத்துவக் குழு ஏற வேண்டும்; தாய் இறங்கக் கூடாது. பிழைக்கப் போன மக்கள் ஊர் திரும்பும் காலமறிந்து முகாம் நடத்த வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் எத்தனை குழந்தைகள், எத்தனை நாளாகக் காத்திருக்கின்றனர் என்று பெயர் சொல்லாமல் எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிட வேண்டும். எண்ணிக்கை வெளிச்சத்துக்கு வந்தால், நிலுவைக்கு ஒளிய இடமிராது.

இவை அரசின் வேலை. நம் வேலை என்ன? படிப்பகத்திலே கூடி உலக அரசியலை அலசும் இளைஞனே, உன் தெருவிலே பள்ளிக்கு ஒழுங்காகப் போகாத பிள்ளை யார் என்று உனக்குத் தெரியுமா? முகாம் நாளைக் கேட்டறிந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டு. எழுதத் தெரியாத தாய்க்கு விண்ணப்பத்தை எழுதிக் கொடு. எழுதிய நாளைக் குறித்து வை. கொடுத்ததற்குச் சீட்டு வாங்கு. ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவள் என்றால், அவள் இசைவோடு நீ உடன் அழைத்துச் செல். பள்ளி மேலாண்மைக் குழுவிலே கேள். கிராம சபையிலே எழுந்து நின்று, “நம் ஊரிலே சோதனைக்குக் காத்திருக்கும் குழந்தைகள் எத்தனை பேர்?” என்று கேள்; விடையைத் தீர்மானப் புத்தகத்திலே எழுதச் சொல். தெரியாது என்று விடை வந்தால், தெரியாது என்றே எழுதச் சொல்!

மேடையிலே நின்று விதியை மறுப்பது ஒரு தொண்டு. ஒரு குழந்தையின் கையைப் பிடித்துச் சோதனை அறையின் வாயில்வரை கொண்டுபோய் விடுவது அதைவிடக் குறைந்த தொண்டன்று. நாற்பதாண்டு காத்திருந்த கோப்பையும் புரட்டி எடுத்து முடிக்கலாம். கோப்புக்கு வயது ஏறாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கோ அடுத்த ஆனியிலே ஒரு வயது ஏறிவிடும். கெடு அவனுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, தோழர்களே. அதை அலுவலகத்துக்கும் ஓடவைப்போம்!